கட்டைவிரல் அக்கா விட்டுவைத்த குமிழி

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட காற்றை வெளியே தள்ள உலகத்தில் எத்தனையோ கருவிகள் இருக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் இருந்தது ஒரு கட்டைவிரல்தான்.

அந்த விரலுக்குச் சொந்தக்காரருக்கு வயது முப்பத்தொன்பது. பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். வாசல் காவலாளிக்கும் கணக்குப் பிரிவுக்கும் பேராசிரியருக்கும் அவர் கட்டைவிரல் அக்கா. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். அவரே முந்திக்கொண்டு, "கட்டைவிரல்னே கூப்பிடுங்க, நல்லவேளை மூக்கை வச்சுப் பேர் வைக்கல" என்று கூச்சத்தைப் போக்கிவிடுவார்.

அவருடைய வேலை ஸ்லைடு செய்வது. நாங்கள் வளர்ப்பது பழ ஈக்கள். வாழைப்பழத்தை வெட்டி வைத்தால் எங்கிருந்தோ வந்து சேருமே, அந்தச் சின்ன ஈ. அதன் புழுவை இரண்டு ஊசிகளால் பிரித்து, பிற்பாடு கண்ணாக வளரப்போகும் இளந்திசுவை அக்கா தனியே எடுப்பார். கடுகில் கால்வாசி கூட இருக்காது. அதற்குச் சாயம் ஏற்றி, ஒரு சொட்டுத் திரவத்தோடு ஸ்லைடில் வைத்து, மேலே வெங்காயத் தோல் போன்ற மெல்லிய கவர் கிளாஸை மூடி, நாலு ஓரத்திலும் நெயில் பாலிஷ் பூசி அடைப்பார். எங்கள் அறைக்குள் முதல் முறை வருபவர்கள், அழகு நிலையத்துக்குள் தப்பி நுழைந்துவிட்டோமோ என்று வாசல் பலகையை இன்னொரு தரம் பார்த்துக்கொள்வார்கள்.

"என் நகத்துக்கு ஒரு நாள் பூசினதில்ல. கண்ணாடிக்கு வருஷக்கணக்காப் பூசுறேன்" என்பார் அக்கா.

மூடுவதற்கும் பூசுவதற்கும் நடுவில்தான் கட்டைவிரலின் வேலை. கவர் கிளாஸின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து வலது கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். உடையாது, நகராது. உள்ளே இருந்த காற்றுக் குமிழிகள் எல்லாம் ஓரம் தேடி ஓடிவிடும். அப்படிச் செய்த ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தால், ஒரே பார்வையில் எல்லாம் பளிச்சென்று தெரியும். வேறு ஆய்வகத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கு ஒரு வாரம் இந்த விரலை மட்டும் கடன் கொடுங்களேன்" என்று கேட்டுப் போயிருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வந்தது பாட்டில் கழுவ. ஈ வளர்த்த பாட்டில்களின் புளித்த வாடையில் மூன்று வருடம் நின்றார். ஸ்லைடு செய்துகொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போனபோது, கை நடுங்காதவர் யார் என்று பேராசிரியர் கேட்டாராம். அக்கா கழுவிக்கொண்டிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "நான்" என்றிருக்கிறார். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழுதான லிஃப்ட் சர்க்யூட் போர்டுகளை வீட்டுக்கு எடுத்து வருவார். அவற்றில் ஈயம் வைத்துக் கொடுப்பது அக்கா.

"லிஃப்ட் போர்டுல முடி மாதிரி ஒயரை ஒட்டவைக்கிற கை மேடம் இது. புழு என்ன பெரிய ஆளா?"

பேராசிரியர் சோதித்துப் பார்த்தார். அன்றோடு பாட்டில் கழுவும் வேலை முடிந்தது.

அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவும் மாட்டேன். அக்காவும் மறைக்கவிடமாட்டார். "பட்டதாரித் தம்பி, குழாயை மூடிட்டு வந்தியா?" என்றுதான் காலை வணக்கமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் குடிதண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கியபோது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் அம்மாவை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"தினம் ஈ, ஈன்னு போறியே, அங்க என்னதாம்மா கண்டுபிடிக்கிறீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் உட்கருன்னு ஒரு உருண்டை இருக்குல்ல? குரோமோசோம் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. ஆனா போட்டது போட்டபடி கிடக்கல. யார் யாருக்கு எந்த இடம்னு ஒரு கணக்கு இருக்கு. சுவரோரமா இருக்கிற மரபணு அநேகமா வாயைத் திறக்காது. உள்ளே தள்ளி இருக்கிறது பேசும்."

"எங்க கிளாஸ்ல சுவரோர பெஞ்சுதான் ஜாஸ்தி பேசும்."

"அது உங்க கிளாஸ். அங்க நீ இருக்கே."

பழுது பார்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா போர்டிலிருந்து தலை நிமிராமலே சிரித்துவிட்டுக் கேட்டார். "சரி, ஈக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எங்ககிட்ட ரெண்டு ஜாதி ஈ இருக்கு. ஒண்ணுக்குக் கண்ணு முழுக்கச் சிவப்பு. இன்னொண்ணுக்குச் சிவப்பும் வெள்ளையுமா, பெயிண்ட் தெளிச்ச மாதிரி. ரெண்டுலயும் சிவப்பு கொடுக்கிற மரபணு ஒண்ணேதான். ஓர் எழுத்து கூட மாறல. ஆனா புள்ளிக்கண்ணு ஈயில குரோமோசோம் ஒடிஞ்சு, தலைகீழாத் திரும்பி ஒட்டிக்கிச்சு. அதனால அந்த மரபணுவுக்குப் பக்கத்து வீடு மாறிப்போச்சு. இப்ப அதுக்குப் பக்கத்துல இருக்கிறதெல்லாம் இறுக்கி மூட்டை கட்டின சரக்கு. அந்த மூட்டை சுவரோரமா ஒட்டிக்கிற ரகம். போறப்ப இதையும் சேர்த்து இழுத்துட்டுப் போகுதோன்னு ஒரு சந்தேகம். இழுத்துட்டுப் போன செல்லுல வாய் மூடிக்கிது, வெள்ளை. தப்பிச்ச செல்லுல சிவப்பு."

"ஸ்விட்ச் நல்லா இருக்கு, ஒயர் நல்லா இருக்கு, ஆனா லிஃப்ட் அந்த மாடியில நிக்கல" என்றார் கணவர்.

"அதேதான்."

"அப்ப ஸ்விட்சைக் கழட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்ல. எந்த மாடியில நிக்குதுன்னு பார்க்கணும்."

நான் நாலு வருடம் கல்லூரியில் படித்ததை அவர்கள் நாலு நிமிடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். நான் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

எந்த மாடி என்று பார்ப்பதுதான் எங்கள் வேலையும். உட்கருவின் சுவர் பச்சையாக ஒளிரும்படியும், அந்த ஒரு மரபணு சிவப்புப் புள்ளியாகத் தெரியும்படியும் அக்கா சாயம் ஏற்றுவார். நான் படம் எடுத்து, பச்சை வளையத்துக்கும் சிவப்புப் புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளப்பேன். எட்டு மாதம், இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடு. முடிவு வந்தது. சிவப்புக்கண் ஈயிலும் புள்ளிக்கண் ஈயிலும் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் பாதிக்கு மேல் புள்ளிகள் வளையத்தின் நடுவில் இருந்தன. நான் வரைந்த படத்தில் இரண்டு தூண்களும் ஒரே உயரத்தில் நின்றன.

"இடத்துக்கும் அடங்கிப்போறதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நம்ம ஆதாரம் சொல்லுது. அதையும் எழுத வேண்டியதுதானே" என்றார் பேராசிரியர். கட்டுரை எழுத ஆரம்பித்தோம். என் பெயர் அச்சில் வரப்போகும் முதல் கட்டுரை. ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஈ கண்ணு ஏன் புள்ளியா இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டியாப்பா?" என்று கேட்டார் அப்பா.

"இல்லப்பா. எதனால இல்லைன்னு கண்டுபிடிச்சிருக்கோம்."

"அதுக்கும் சம்பளம் தர்றாங்களா?"

அதே சமயத்தில்தான் அக்காவுக்கும் ஒரு வாசல் திறந்தது. நிறுவனத்தில் நிரந்தரத் தொழில்நுட்ப உதவியாளர் இடம் மூன்று அறிவித்தார்கள். வயது வரம்பு நாற்பது. அடுத்த அறிவிப்பு எப்போது வருமோ, வரும்போது அக்காவால் விண்ணப்பம்கூடப் போட முடியாது. செய்முறைத் தேர்வு ஒன்று, அதோடு ஆய்வகத் தலைவரின் கடிதம் ஒன்று. பேராசிரியர் கடிதத்தை அடித்தே வைத்துவிட்டார். 'எட்டு மாதத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள். ஒன்றில்கூடக் குமிழி இல்லை' என்று அதில் ஒரு வரி. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

தேர்வுக்கு இருபது நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலையில் ஒரு கவர் கிளாஸ் முனை உடைந்தது.

உடைந்த சில்லு ஸ்லைடுக்கும் கவர் கிளாஸுக்கும் நடுவில் சிக்கி, கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே பெரிய குமிழி ஒன்று. வேறு நாளாக இருந்தால் அது நேரே குப்பைப் பெட்டிக்குப் போயிருக்கும். அன்று சாயம் புதிது. ஏறியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் அக்கா அதை நுண்ணோக்கியில் வைத்தார். எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. தெளிவாக்குவதற்காக ஃபோக்கஸ் சக்கரத்தை மெதுவாகத் திருப்பினார்.

பச்சை வளையம் பெரிதானது. இன்னும் திருப்பினார். வளையம் சுருங்கிச் சுருங்கி ஒரு தொப்பி அளவுக்கு வந்தது. அங்கேதான், அந்தத் தொப்பியோடு ஒட்டிக்கொண்டு, சிவப்புப் புள்ளி பளிச்சென்று எரிந்தது. மேலிருந்து பார்த்தால் நட்டநடுவில் இருப்பது போலத் தெரிந்த புள்ளி நடுவில் இல்லை. கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கூரையும் சுவர்தானே.

அக்கா நாற்பது உட்கருக்களை அப்படிப் பார்த்திருக்கிறார். பிறகு போன மாதம் செய்த ஒரு நல்ல ஸ்லைடை எடுத்து வைத்துச் சக்கரத்தைத் திருப்பினார். வளையமும் புள்ளியும் ஒன்றாகத் தெளிந்தன, ஒன்றாக மறைந்தன. மேலும் இல்லை, கீழும் இல்லை. பந்தாக இருந்தது நாணயம் போலத் தட்டையாகக் கிடந்தது.

என்னைக் கூப்பிட்டார். "பட்டதாரி, இங்க வா. இந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பு."

திருப்பினேன். இன்னொரு ஸ்லைடில் திருப்பினேன்.

"நாம எதை நல்ல ஸ்லைடுன்னு சொல்லிட்டிருந்தோம்?" என்று கேட்டார்.

"எல்லாம் ஒரே பார்வையில பளிச்சுன்னு தெரிஞ்சா நல்ல ஸ்லைடு."

"ஏன் எல்லாம் ஒரே பார்வையில தெரிஞ்சது?"

கேட்டுவிட்டு அவர் தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

குமிழி போக அழுத்திய அழுத்தில் உட்கருவும் சேர்ந்து நசுங்கியிருக்கிறது. கூரையில் இருந்த புள்ளி, தரையில் இருந்த புள்ளி எல்லாம் தட்டின் நடுவுக்கு வந்துவிட்டன. நான் உட்கார்ந்து தூரம் அளந்திருக்கிறேன். இந்தத் தப்பைச் சாமானிய ஆள் செய்ய முடியாது. கொஞ்சம் திறமை குறைவாக இருந்திருந்தால் குமிழி நின்றிருக்கும், உருண்டையும் நின்றிருக்கும்.

எனக்கு முதலில் தோன்றியதை அப்படியே சொன்னேன். "அக்கா, தேர்வு முடியட்டும். இருபது நாள் கழிச்சுச் சொல்லலாம்."

"இருபது நாள்ல இதெல்லாம் எழுந்து உருண்டையா உட்கார்ந்துக்குமா?"

"அதுக்கில்லக்கா. அந்தக் கடிதம்..."

"கடிதத்துல குமிழி இல்லைன்னுதான் எழுதியிருக்காங்க. நான் நசுக்கினேன்னு எழுதல. அந்த வரியைக் காட்டி நான் வேலை வாங்கினா, நாளைக்கு இந்த ஸ்லைடை எப்படி நிமிர்ந்து பார்ப்பேன்?"

"சக்கரத்தைத் திருப்பிப் பார்க்காதது நான்தான்."

"சரி விடு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் நசுக்கியிருக்கோம். நான் விரலால, நீ ஸ்கேலால."

அன்று சாயங்காலம் கீழே அவர்கள் பேசிக்கொண்டது படியில் நின்ற எனக்கும் கேட்டது. அக்கா முழுவதையும் கணவரிடம் சொல்லி முடித்தார்.

"லிஃப்ட் ஓடுற ஷாஃப்டுக்கு மேல நின்னு எட்டிப் பார்த்தா அப்படித்தான் இருக்கும்" என்றார் அவர். "மூணாவது மாடியில நிக்குதா, கீழ நிக்குதான்னு தெரியாது. எல்லாம் நடுவுலதான் தெரியும். சரி, உங்க மேடம் கோபத்துல கடிதம் கொடுக்கலைன்னா?"

"தேர்வு எழுத முடியாது. வயசும் போயிடும். இப்படியே தற்காலிகமா ஓட்ட வேண்டியதுதான்."

"ம்." ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "லிஃப்ட்ல பழுதைப் பார்த்துட்டு, 'ஏறாதீங்க'ன்னு போர்டு மாட்டாம நான் வீட்டுக்கு வந்துடுவேனா? போய்ச் சொல்லு. ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லு. அவங்க மேசையில கனமான ஃபைலா இருக்கும்."

மறுநாள் காலை பேராசிரியரின் அறைக்குள் அக்கா போனபோது நானும் பின்னால் போனேன். மேசையில் கடிதம், பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

"வா வா, கட்டைவிரல். இப்பத்தான் கையெழுத்து போடலாம்னு எடுத்தேன்."

"போடாதீங்க மேடம்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். எதைச் சொன்னாலும் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்பவர் அவர். அன்று கேட்பதற்கு முன்பே அக்கா ஆதாரத்தைக் கையில் வைத்திருந்தார். மூவரும் நுண்ணோக்கி அறைக்குப் போனோம். பேராசிரியர் தானே சக்கரத்தைத் திருப்பினார். சில்லு மாட்டிய ஸ்லைடு, பிறகு பழைய ஸ்லைடுகள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு ஒரு வருடம் மாதிரி இருந்தது.

"எத்தனை இப்படி?"

"இருநூத்திப் பன்னெண்டும் மேடம். எல்லாம் இந்த விரல்தான்."

"எட்டு மாசம்." குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என் பக்கம் திரும்பினார். "நீ என்ன பண்ணிட்டிருந்தே? சக்கரத்துக்கு என்ன முள்ளா இருக்கு?"

பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா இது அச்சுக்கே போயிருக்கும்" என்றார்.

"போயிருக்கும் மேடம். அப்புறம் எந்த ஊர்லயோ யாராவது ஒருத்தர் சக்கரத்தைத் திருப்பியிருப்பாங்க. அவங்க திருப்புறதுக்கு முன்னாடி நாமளே திருப்பிடலாமே."

பேராசிரியர் பாராட்டவில்லை. அறைக்குத் திரும்பிப் போய் கடிதத்தை எடுத்து, கையெழுத்து போடாமலே மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். "அழுத்தாம அறுபது ஸ்லைடு பண்ணிக் காட்டு. அப்புறம் இதை வெளியே எடுக்கலாமான்னு பார்ப்போம்."

பத்தொன்பது நாள் இருந்தது.

மறுநாள் அக்கா வலது கட்டைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அடிபட்டுவிட்டதா என்று எல்லாரும் விசாரித்தார்கள். "ஆமா, எட்டு மாசம் ஆச்சு" என்றார். உண்மை என்னவென்றால், கவர் கிளாஸை மூடியவுடன் விரல் அதுவாகவே அழுத்தப் போய்விடுகிறது. அதைத் தடுக்கத்தான் அந்தக் கட்டு.

கவர் கிளாஸை அரிசி அளவு சில்லுகளாக உடைத்து, திசுவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்தார். அதன்மேல் இன்னொரு கவர் கிளாஸ். மேசைக்குக் கால் வைத்த மாதிரி. உட்கருக்கள் உள்ளே உருண்டை உருண்டையாக நின்றன. ஆனால் அழுத்தாததால் குமிழி வந்தது. திரவத்தை ஓர் ஓரத்திலிருந்து மெதுவாக விட்டு, ஸ்லைடைச் சாய்த்து, குமிழியைத் திசுவிலிருந்து விரட்டி மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்தக் கற்றுக்கொண்டார். சில குமிழிகள் வெளியே போயின. சில மூலையில் பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டன. உட்காரட்டும் என்று விட்டுவிட்டார்.

எது எந்த ஈ என்று எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, ஸ்லைடுகளுக்கு எண் மட்டும் போட்டு, பட்டியலை மகளின் பென்சில் டப்பாவில் பூட்டி வைத்தார். "நீ நல்ல பையன்தான். ஆனா உன் கட்டுரை மேல உனக்குப் பாசம் ஜாஸ்தி." நான் ஒவ்வோர் உட்கருவையும் மேலிருந்து கீழ்வரை இருபது அடுக்காகப் படம் எடுத்தேன். மேல், கீழ், பக்கம் என்று எல்லாச் சுவருக்கும் தூரம் அளந்தேன்.

பதினாறாம் நாள் பென்சில் டப்பாவைத் திறந்தோம். சிவப்புக்கண் ஈயில் பத்து உட்கருவுக்கு மூன்றில் அந்த மரபணு சுவரை ஒட்டி இருந்தது. புள்ளிக்கண் ஈயில் பத்துக்கு ஆறு. எழுத்து மாறாத அதே மரபணு, இடம் மாறி ஓரமாக ஒதுங்கியிருந்தது. பத்தும் ஒதுங்கவில்லை. அதனால் இடம் ஒன்றே முழுக் காரணம் என்று நாங்கள் எழுதவில்லை. ஆனால் இடத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று எங்கள் ஸ்லைடைக் காட்டி இனி யாரும் சொல்ல முடியாது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அக்கா பென்சில் டப்பாவை மூடி, "பரீட்சை இருக்குன்னு அவ தேடுவா" என்று பைக்குள் வைத்தார்.

பேராசிரியர் இழுப்பறையைத் திறந்தார். குமிழி வரியை அடித்துவிட்டு, மேலே பேனாவால் எழுதினார்: 'தன் வேலையில் இருந்த பிழையைத் தானே கண்டுபிடித்து, தானே சொல்லி, தானே திருத்தியவர்.'

"மேடம், பிழைன்னு எழுதினா அதைத்தானே முதல்ல கேப்பாங்க?"

"கேக்கட்டும். உனக்குப் பதில் தெரியும்ல?" என்று கையெழுத்து போட்டார்.

தேர்வு அறையில் நுண்ணோக்கியை இயக்க என்னைப் போட்டிருந்தார்கள். ஆறு பேர், மூன்று இடம். தேர்வாளர் வெளியிலிருந்து வந்தவர். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் மடக்கு லென்ஸ். மதிப்பெண் தாளில் ஏழு வரிகள். நாலாவது வரி: 'குமிழியின்மை - பத்து'. ஐந்தாவது: 'திசுவின் நிலை - இருபது'.

மற்ற ஐந்து பேரும் அழுத்தினார்கள். அவர்கள் ஸ்லைடுகள் பளிங்கு மாதிரி இருந்தன. அக்கா இரண்டு சில்லுகளை வைத்து மூடினார். மூலையில் மிளகு அளவுக்கு ஒரு குமிழி நின்றது. சாய்த்துப் பார்த்தார், போகவில்லை. நேரம் முடியப்போகிறது. தேர்வுக்காகக் கட்டைக் கழற்றியிருந்தார். அந்தக் கட்டைவிரல் மேசையிலிருந்து மெல்ல எழும்புவதை நான் பார்த்தேன். ஒரே அழுத்து, பத்து மார்க். விரல் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கி, நெயில் பாலிஷ் பாட்டிலின் மூடியைத் திருகியது.

தேர்வாளர் லென்ஸால் பார்த்தார். "குமிழி இருக்கேம்மா."

"இருக்கு சார்."

"கவனிக்கலையா?"

"கவனிச்சுதான் விட்டுவச்சிருக்கேன்."

"ஒரு அழுத்து அழுத்தினா போயிருக்குமே."

"போயிருக்கும் சார். குமிழியோட சேர்ந்து உட்கருவும் தட்டையாப் போயிருக்கும். எட்டு மாசம் அப்படித்தான் பண்ணினேன். கடிதத்துலயே எழுதியிருக்காங்க, பாருங்க."

அவர் கடிதத்தைப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "விதிப்படி பத்து மார்க் கழிக்கணும்."

"கழிங்க சார். உள்ளே ஒரு தடவை பார்த்துட்டுக் கழிங்க. சக்கரத்தைத் திருப்பிப் பாருங்க."

அவர் என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். திருப்பினார். வளையம் விரிந்து, சுருங்கி, தொப்பியாகி மறைவது அவருடைய விரல் அசைவிலிருந்தே எனக்குத் தெரிந்தது. திரும்ப மேலே வந்தார். இன்னொரு முறை கீழே போனார். பிறகு கை நீட்டி, "மத்த அஞ்சையும் கொடு" என்றார். ஒவ்வொன்றாக வைத்துச் சக்கரத்தைத் திருப்பினார். கடைசி ஸ்லைடை எடுத்து வைத்தபின் மதிப்பெண் தாள்களை மறுபடி முதலிலிருந்து பிரித்து, ஐந்தாவது வரியில் பேனாவை வைத்தார்.

மூன்று வாரம் கழித்து நியமன ஆணை வந்தது. மதிப்பெண் விவரத்தை மகள் சாப்பாட்டு மேசையில் நின்று சத்தமாக வாசித்தாள். குமிழியின்மை, பூஜ்யம். திசுவின் நிலை, இருபதுக்கு இருபது. மொத்தத்தில் இரண்டாம் இடம்.

"அந்தப் பத்து மார்க் எங்கேம்மா?"

"குமிழிக்குள்ள பத்திரமா இருக்கு" என்றார் அக்கா.

"முதல் இடம் போச்சே" என்று கணவர் உச்சுக்கொட்டினார். ஆனால் அந்தத் தாளை வாங்கி, மடிக்காமல், போர்டுகள் வைக்கும் பெட்டியின் மேல் எல்லார் கண்ணிலும் படும்படி சாய்த்து வைத்தார்.

நிரந்தர ஊழியர்கள் வாசலில் விரல் ரேகை வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். முதல் நாள் ரேகையைப் பதிய அக்கா இயந்திரத்தில் வலது கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடி சிவப்பு. காவலாளி எழுந்து வந்து விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"கோடே இல்லையேக்கா, எல்லாம் தேஞ்சுபோயிருக்கு. வேற விரலை வையுங்க."

அக்கா ஆள்காட்டி விரலை வைத்தார். பச்சை எரிந்து கதவு திறந்தது.